திருப்பணிச் செல்வர் தமிழவேள் பி. டி. இராசன்

இறைவன் எழுந்தருளுதற்குரிய திருக்கோயிலைப் புதிதாக எடுப்பித்தல் பெரும் புண்ணியம். எடுப்பித்த கோயில் காலத்தாற் பழுதுற்றவிடத்து அதனைச் செப்பனிட்டு, அட்டபந்தனம் சாத்தித் திருக்குடமுழுக்கு ஆட்டுவித்தல் அதனினும் அரிய புண்ணியம் என்பர் ஆகமம் வல்லோர். முன்னதற்குப் பொருள் வேண்டும். பின்னதற்குப் பொருளோடு பொறுமையும் வேண்டும். பழங்கல்லைத் தொட்ட அளவில் பழவழக்குகளும் எழும். மண்டகப்படிக்காரர் ஒருபுறம், பரம்பரை உரிமையினர் ஒருபுறம், கணக்கில் ஐயம் கொண்டோர் மற்றொருபுறம் வந்து நிற்பர். இவரையெல்லாம் ஒரு கயிற்றிற் கோத்துக் குடமுழுக்கு நாள்வரை கொண்டு செலுத்துதற்கு அரசியல் அறிந்த நெஞ்சும், சட்டம் அறிந்த மதியும், திருவடி மறவாத அன்பும் ஒருங்கே அமைந்த ஒருவர் வேண்டும். அத்தகையோர் அரியர். அவ்வரியருள் ஒருவர் நீதிக்கட்சியின் கடைசித் தலைவராய் விளங்கிய தமிழவேள் சர் பொன்னம்பல தியாகராசர். நாடு இவரைப் பி. டி. இராசன் என்றே அறியும்.

பேசின் பிரிட்ஜ் வட்டாரத்து ஆலயத் திருக்குடமுழுக்கு மலரில் மதுரைச் சீமைப் பெரியார் ஒருவரின் வரலாறு இடம்பெறுதற்கு ஏது என்ன என்று சிலர் வினவக் கூடும். அவர் வாழ்நாளெல்லாம் சுமந்த கட்சி பிறந்ததும் வளர்ந்ததும் இவ்வட்டாரத்தை ஒட்டியே என்பது அதற்கு விடை. 1916ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 20ஆம் நாள் வேப்பேரியில் எத்திராச முதலியார் இல்லத்தில் கூடிய கூட்டத்திலிருந்தே தென்னிந்திய நல உரிமைச் சங்கம் தோன்றிற்று. அச்சங்கத்தின் தூணாய் நின்ற சர் பிட்டி தியாகராயச் செட்டியார், பேசின் பிரிட்ஜ் சந்திப்பிலிருந்து சிறிது தொலைவிலுள்ள பழைய வண்ணாரப்பேட்டையைச் சார்ந்தவர்; நெசவுத் தொழிலாளர் வாழ்ந்த அத்தெருக்களில் கைத்தறியை வளர்த்தவர்; மாநகராட்சித் தலைவராய் இருந்தபோது 1920இல் ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகட்கு உணவளிக்கத் தொடங்கியவர். அச்சங்கம் 1917இல் தொடங்கிய ஆங்கில நாளிதழின் பெயர் ஜஸ்டிஸ். அதனால் நீதிக்கட்சி என்னும் பெயர் மக்கள் வழக்கில் நிலைத்தது. சிவப்புக் கொடியின் நடுவே தராசு அதன் சின்னம்.

இங்கே ஒன்று நினைக்கத் தக்கது. சத்தவிடங்கத் தலங்களின் தலைமைத் தலமாகிய திருவாரூரில் எழுந்தருளியிருக்கும் தியாகேசப் பெருமானே வடகோடியில் திருவொற்றியூரிலும் அத்திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கின்றார். கட்சியின் முதற்பெருந் தலைவர் பெயர் தியாகராயர். அதன் கடைசித் தலைவர் பெயரும் தியாகராசர். தில்லைப் பொன்னம்பலமும் ஆரூர்த் தியாகேசமும் இணைந்த திருப்பெயர் அது. ஒரே திருநாமம் தொடக்கத்தில் ஒருவரையும் முடிவில் ஒருவரையும் நிறுத்தியிருத்தல் சைவ அன்பர்கள் உள்ளத்தில் ஒரு சிலிர்ப்பை உண்டாக்காமற் போகாது.

1892ஆம் ஆண்டு கம்பம் பள்ளத்தாக்கில் உத்தமபாளையத்தில் தொண்டைமண்டல சைவ வேளாளர் குடியில் இராசன் பிறந்தார். நிலவளமும் செல்வமும் உடைய குடி அது. அவர் குழந்தையாய்த் தவழ்ந்த நாட்களிலேயே மேற்குமலையில் பெரியாற்றை மறித்து அணை எழுந்துகொண்டிருந்தது. 1895இல் மேற்கே ஓடிக் கடலிற் கலந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கு நோக்கித் திரும்பிற்று. வறண்டிருந்த வயல்கள் இருபோகம் விளையலாயின. ஓர் ஆற்றின் போக்கையே மாற்றிய செயலைக் கண்ணெதிரே கண்ட நாட்டிற் பிறந்தவர், பின்னாளில் வேளாண்மை உள்ளிட்ட வளர்ச்சித் துறைக்கு அமைச்சரானது பொருத்தமே.

இளமையிலேயே கடல் கடந்து கல்வி கற்கும் வாய்ப்பு அவருக்கு வாய்த்தது. கேம்பிரிட்ஜில் லீஸ் பள்ளியிலும், பின்னர் ஆக்ஸ்போர்டில் இயேசு கல்லூரியிலும் பயின்றார். வரலாறும் சட்டமும் அவர் கற்ற பாடங்கள். இலண்டனில் இன்னர் டெம்பிள் என்னும் சட்டக் கழகத்தின் வழியாக 1917இல் பாரிஸ்டர் ஆனார். அக்காலத்தில் சீமை சென்று மீண்டவர் பலர் திருநீறு அணிதற்கு நாணினர். பழைய பழக்கங்களைப் பட்டிக்காட்டுத் தன்மை என்று ஒதுக்கினாரும் உண்டு. இராசன் அவ்வாறு ஒதுக்கினாரல்லர். ஆங்கில உடையும் ஆங்கில நாவன்மையும் பெற்று வந்தவர், தம் குலதெய்வ வழிபாட்டையும் கோயிலையும் விடாது பற்றி நின்றார். பின்னர் ஏற்பட்ட பிளவின் வித்து இவ்விடத்திலேயே கிடந்தது எனலாம்.

தாயகம் திரும்பியபோது நாட்டில் புதிய அரசியல் முறை வந்துகொண்டிருந்தது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாகாண ஆட்சி இரண்டாகப் பகுக்கப்பட்டது. காவல், நிதி, நிலவரி முதலியவை ஆளுநரின் நிருவாகக் குழுவின் கையில் இருக்க, கல்வி, தலத்தாட்சி, வேளாண்மை, தொழில் முதலியவை மக்கள் தேர்ந்த அமைச்சர் கையில் வந்தன. இரட்டையாட்சி என்று பெயர் பெற்ற அம்முறையில் பணப்பெட்டியின் திறவுகோல் ஒருவரிடமும் செலவுப் பொறுப்பு மற்றொருவரிடமும் இருந்தன. காங்கிரசு அத்தேர்தலைப் புறக்கணித்தது. 1920 நவம்பரில் நடந்த தேர்தலில் 98 தேர்தல் இடங்களில் 63 இடங்களை நீதிக்கட்சி பெற்றது. முதலமைச்சர் பதவியை ஏற்குமாறு ஆளுநர் அழைத்தபோது தியாகராயர் அதனை வேண்டாவென மறுத்துக் கட்சியைக் காத்தலே தம் பணி என்று அமைந்தார். பதவி தம் வாசலில் வந்து நிற்கும்போது கதவைச் சாத்தியவர்கள் அரசியலில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் விரல்கள் மிஞ்சும். அந்த முதல் அவையிலேயே, முப்பது வயது நிரம்பாத இராசன் உறுப்பினராய் அமர்ந்தார். 1937வரை அவ்விருக்கை அவரை விட்டு நீங்கவில்லை.

அவர் அமர்ந்த மறுயாண்டே கட்சிக்கு ஒரு சோதனை வந்தது. அது நிகழ்ந்த இடம் பேசின் பிரிட்ஜுக்கு அருகேயுள்ள பெரம்பூரும் புளியந்தோப்பும். 1921இல் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலைகளில் வேலைநிறுத்தம் மூண்டது. ஆதிதிராவிடத் தொழிலாளர் பலர் வேலைக்குத் திரும்ப, ஏனையோர் திரும்ப மறுத்தனர். சோற்றுக்காக எழுந்த பூசல் சாதிப் பூசலாய் மாறிற்று. குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. எல்லாச் சாதியினர்க்கும் நீதி வழங்குதற்குத் தராசு ஏந்திய கட்சி, அவ்வேளையில் தராசின் முள்ளை நேரே நிறுத்தவில்லை என்று ஆதிதிராவிட மக்கள் மனம் கசந்தனர். அவர்தம் தலைவர் எம். சி. இராசா 1923இல் கட்சியை விட்டு விலகினார். இதனை மறைத்துக் கட்சியைப் புகழ்வதால் பயனில்லை. அவ்வாலைகளும் 1996இல் மூடப்பட்டுப் போயின. ஆனால் புளியந்தோப்பின் முதியோர் வாய்மொழியில் அக்கலகம் நெடுங்காலம் வாழ்ந்தது.

அதே அவையில் நடந்த மற்றொரு செயல் கோயில் அன்பர்க்கு மிக வேண்டியது. கோயில்களின் சொத்து நெடுங்காலமாக யார் கையில் இருந்தது என்பதைச் சற்றே விரித்துக் கூறுதல் தகும். கும்பினியார் ஆட்சியில் 1817ஆம் ஆண்டின் 7ஆவது ஒழுங்குவிதியின்படி அறநிலையங்களை மேற்பார்க்கும் பொறுப்பை வருவாய் வாரியம் ஏற்றது. அயல்சமயக் கோயில்களை அரசு நடத்துதல் பாவமெனப் பாதிரிமார் முறையிட, அரசு மெல்லக் கைகழுவிற்று. 1863ஆம் ஆண்டின் 20ஆவது சட்டம் கோயில்களை உள்ளூர்க் குழுக்களிடம் ஒப்படைத்தது. அக்குழுவினர் வாழ்நாள் முழுதும் பதவி வகிக்கலாம், கேட்பாரில்லை. கோயில் நிலம் குத்தகையிற் கரைந்தது. அணிகலன் பட்டியலில் மட்டும் மின்னிற்று. தவறு கண்டவர் உரிமைவழக்குத் தொடுத்துத் தம் பொருளை இழந்து, ஆண்டுகள் கழித்துத் தீர்ப்புப் பெறவேண்டும். வழக்கறிஞர்க்கு வேலை கிடைத்தது. பெருமானுக்கு நெய்விளக்குக் கிடைக்கவில்லை.

இந்நிலையை மாற்ற, முதலமைச்சர் பனகல் அரசர் 1922 இறுதியில் இந்து அறநிலைய மசோதாவைக் கொணர்ந்தார். எதிர்ப்பு கடுமையாயிற்று. திருமடங்கள் பல வெகுண்டன. சமயத்தில் அரசு கைவைக்கலாகாது என்று ஒரு சாரார் முழங்கினர். அறநிலையத்தின் வருவாயிலிருந்து மேற்பார்வைக் குழுவிற்குப் பங்கு செலுத்தவேண்டும் என்ற விதி மடத்துத் தலைவர்களை மிகவும் வருத்திற்று. மடங்களின் அச்சம் முழுதும் பொய்யன்று. பின்னர் 1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் சில பிரிவுகளை 1954இல் உச்ச நீதிமன்றம் சிரூர் மடத்து வழக்கில் செல்லாவெனத் தள்ளியது அவ்வச்சத்திற்கு ஓரளவு சான்று. ஆயினும் கணக்குக் காட்டமாட்டேன் என்பதைச் சமய உரிமை என்று கூறிய தருமகருத்தர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர் என்பதை மறுத்தற்கில்லை. மசோதா 1925இல் சட்டமாயிற்று. அதன் செல்லுபடி குறித்து வழக்கு எழவே, மீண்டும் நிறைவேறி 1927இல் நடைமுறைக்கு வந்தது. அறநிலைய ஆணையர் வாரியம் அமைந்தது. தமிழ்நாட்டில் இன்று நடக்கும் ஒவ்வொரு குடமுழுக்கின் அனுமதி ஓலையும், ஒவ்வொரு திருப்பணிக் கணக்கின் தணிக்கையும் அந்த வேரில் கிளைத்தவையே. கடவுளை நம்பாதோர் கூட்டம் எனப் பிற்காலத்தார் சிலர் கருதும் கட்சி முதலில் கோயிலைக் காக்கும் சட்டத்தைச் செய்தது. இவ்வுண்மையை மறவாதிருந்தவருள் இராசன் தலையாயவர்.

1926இல் கட்சி ஆட்சி இழந்தது. 1928இல் பனகல் அரசர் மறைந்தார். 1930இல் மீண்டும் வெற்றி பெற்று முனுசாமி நாயுடு முதலமைச்சரானபோது இராசன் வளர்ச்சித் துறை அமைச்சரானார். வேளாண்மை, கூட்டுறவு, தொழில் ஆகியவை அத்துறையிற் சேர்ந்தன. உலகெங்கும் விலைவீழ்ச்சி தலைவிரித்தாடிய காலம் அது. நெல் விலை பாதியாய்ச் சரிந்தது. கடன் பட்ட குடியானவர் நிலத்தை இழந்தனர். கசானாவில் பணம் இல்லாதபோது வளர்ச்சித் துறை அமைச்சராய் இருத்தல், ஏரியில் நீர் இல்லாதபோது மடைகாவலனாய் இருத்தலை ஒக்கும்.

அவ்வமைச்சவை நெடிது நிலைக்கவில்லை. கட்சிக்குள் பெருநிலக்கிழார் ஒருபுறமும் ஏனையோர் ஒருபுறமுமாகப் பிரிந்தனர். 1932இல் இராசனும் குமாரசாமி ரெட்டியாரும் பதவி விலகவே முனுசாமி நாயுடு நிற்க மாட்டாமல் விலகினார். பொப்பிலி அரசர் முதலமைச்சரானார். புதிய அமைச்சவையில் இராசனும் குமாரசாமி ரெட்டியாரும் மீண்டும் இடம்பெற்றனர். குடியானவர் குடும்பத்தில் தோன்றிய ஒரு முதலமைச்சரை நிலமுடையோர் வீழ்த்திய இச்செயலில் இராசன் பங்கு கொண்டது அவர் வாழ்க்கையில் ஒரு களங்கமே என்று கருதுவோர் உளர். கட்சி கட்டுக்கோப்பாய் நிற்கவேண்டும் என்ற எண்ணத்தால் செய்தார் என்பார் உளர். எவ்வாறாயினும், அதன்பின் மக்கள் கண்ணில் நீதிக்கட்சி அரசர்களின் கட்சியாய்ச் சுருங்கிற்று. 1934இல் நடந்த மத்திய சட்டசபைத் தேர்தலிலேயே ஆர். கே. சண்முகம் செட்டியாரும் ஆற்காடு இராமசாமி முதலியாரும் தோற்றனர். வரவிருந்த புயலுக்கு அதுவே முன்னறிவிப்பு.

1936 ஏப்ரல் 4 முதல் ஆகஸ்டு 24 வரை, பொப்பிலி அரசர் ஐரோப்பா சென்றிருந்த காலத்தில், இராசன் சென்னை மாகாணத்தின் முதலமைச்சராய் இருந்தார். ஐந்து திங்களுக்கும் குறைவான அவ்வாட்சியைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. அரசர் திரும்பியவுடன் இருக்கையை அவரிடமே ஒப்படைத்து விலகினார். அப்பதவியை ஓர் அடைக்கலப் பொருளாகவே அவர் கருதியிருந்தார் என்பதற்கு இதுவே சான்று. மறுயாண்டுத் தேர்தலில் 215 இடங்களில் காங்கிரசு 159 வென்றது. நீதிக்கட்சிக்குக் கிடைத்தவை 18. பதினேழு ஆண்டுகளில் பெரும்பகுதி ஆண்ட கட்சி ஒரே நாளில் வெறும் பெயராயிற்று.

தோற்ற கட்சியைத் தாங்கத் தோள் ஒன்று வேண்டியிருந்தது. இந்தி எதிர்ப்பில் சிறை சென்றிருந்த ஈ. வெ. இராமசாமிப் பெரியாரை 1938 டிசம்பரில் கட்சியினர் தலைவராய்த் தேர்ந்தனர். தலைவர் சிறையில் இருக்க அவருரையைப் பிறர் படித்தனர். பெரியார் கட்சியை அரண்மனையிலிருந்து தெருவிற்குக் கொண்டுவந்தார் என்பது உண்மை. அதே வேளையில், கோயிலும் வழிபாடும் வேண்டாவென்னும் அவர்தம் கொள்கையும் கட்சிக்குள் நுழைந்தது. பழைய உறுப்பினர் சிலர் இதனைக் காணாதவர் போல் இருந்தனர். வேறு சிலர் முணுமுணுத்தனர். 1944 ஆகஸ்டு 27ஆம் நாள் சேலத்தில் நடந்த மாநாட்டில் இரண்டும் வெளிப்பட்டன. அண்ணாதுரையின் பெயரால் வழங்கும் தீர்மானத்தின்படி ஆங்கில அரசு அளித்த பட்டங்களைத் துறத்தல், பெயருக்குப் பின் சாதிப்பெயரை நீக்கல் முதலியன முடிவாயின. கட்சியின் பெயரும் திராவிடர் கழகம் என மாறிற்று.

அவ்விடத்தில் இராசன் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பெருங்கூட்டத்தோடு செல்வது. இளைஞரும் எழுத்தாளரும் பேச்சாளரும் அவ்வழியிற் சென்றனர். எதிர்காலமும் அவ்வழியிலேயே இருந்தது. மற்றொன்று, பழைய பெயரையும் பழைய தராசுக் கொடியையும் பற்றி நிற்பது. பட்டத்தை விட மனமில்லாதவர் விலகினர் என்று அந்நாளில் ஏளனம் செய்தனர். சிலர் வகையில் அது மெய்யாகவும் இருக்கலாம். ஆனால் இராசன் வகையில் பின்வந்த முப்பது ஆண்டுகளே விடை கூறுகின்றன. பட்டத்திற்காக நின்றவர் ஆங்கிலேயர் கப்பலேறிய 1947ஆம் ஆண்டே கட்சியைக் கலைத்துவிட்டு வேறு நிழல் தேடியிருப்பார். பட்டம் தருவார் போனபின்னும், பதவி தருவார் இல்லாதபோதும், அவர் அப்பெயரை விடவில்லை. சாதி வேற்றுமையால் ஒருவன் தாழ்த்தப்படுதல் கூடாது என்ற கட்சியின் கருத்து அவருக்கு உடன்பாடு. அதன்பொருட்டுச் சிவனையும் சிவாலயத்தையும் துறக்கவேண்டும் என்பது உடன்பாடன்று. இவ்விரண்டையும் ஒருங்கே கொண்டு வாழலாம் என்று அவர் நம்பினார். அப்படி நம்பியவர்க்கு அக்காலத்தில் அரசியலில் இடம் மிகக் குறுகியிருந்தது.

விலகி நின்ற பிரிவினர்க்கு முதலில் பி. இராமச்சந்திர ரெட்டியாரும், பின்னர் இராசனும் தலைமை தாங்கினர். 1952இல் நாடு விடுதலை பெற்றபின் நடந்த முதற் பொதுத் தேர்தலில் அப்பிரிவு சென்னை மாகாணத்தில் ஒன்பது தொகுதிகளில் நின்றது, ஒன்றில் வென்றது. அந்த ஒன்று கம்பம், வென்றவர் இராசன். 375 பேர் கொண்ட அவையில் நீதிக்கட்சியின் ஒரே உறுப்பினர் அவர். 1920இல் அறுபத்துமூவர் அமர்ந்த வரிசையில் இப்போது ஒருவர். அறுபத்துமூவர் என்ற எண் சைவர்க்கு நினைப்பூட்டுவது வேறு. ஆயினும் அவ்வெண்ணின் தற்செயல் நெஞ்சைத் தொடாமலில்லை. 1957ஆம் ஆண்டுடன் கட்சியும் தேர்தல் களத்தினின்று மறைந்தது.

இந்த இடத்தில் மற்றவர் வரலாறு முடிவுறும். இராசன் வரலாற்றில் சிறந்த பகுதி இங்கேதான் தொடங்குகின்றது.

1950இல் சபரிமலை ஐயப்பன் திருக்கோயில் தீக்கிரையாயிற்று. திருவுருவம் பின்னமுற்றுக் கிடந்தது. செய்தி கேட்ட அன்பர் நெஞ்சு வெந்தனர். கம்பம் பள்ளத்தாக்கினர்க்குச் சபரிமலை தொலைவில் உள்ளதன்று. குமுளி, வண்டிப்பெரியாறு வழியாக மலையேறும் பாதை அவர்கள் வீட்டு வாசலில் தொடங்குகின்றது. பந்தள மன்னர் மரபு மதுரைப் பாண்டியர் கிளை என்பதும் வழிவழி வந்த வழக்கு. எனவே அது தம் நாட்டுக் கோயில் என்னும் உரிமையோடு இராசன் முன்வந்தார். நாடக மேடையில் ஐயப்பன் சரிதத்தை நடித்துத் தமிழ் மக்கள் உள்ளத்தில் அப்பெருமானைப் பதியவைத்த நவாபு இராசமாணிக்கம் பிள்ளை அவருக்குத் துணையானார். புதிய ஐம்பொன் திருவுருவம் தமிழ்நாட்டு ஊர்கள் தோறும் ஊர்வலமாக எழுந்தருளிற்று. மலையேற இயலாத முதியோரும் பெண்டிரும் தத்தம் தெருவில் நின்று தரிசித்தனர். 1951இல் மலைமேல் பிரதிட்டை நிகழ்ந்தது. அவ்வூர்வலத்திற்குமுன் தமிழ்நாட்டிலிருந்து மாலையணிந்து சென்றோர் தொகை சிறிது. பின்னர் அது ஆண்டுதோறும் பெருகி வளர்ந்தது. இன்று வடசென்னைத் துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைப்போர் கார்த்திகைத் திங்களிற் கருப்புடை அணிந்து இருமுடி தாங்கிச் செல்வதைக் காண்போர், அவ்வூர்வலம் இட்ட வித்தை நினைத்தல் வேண்டும்.

காலத்தின் நிலையையும் உடன்வைத்துக் காணவேண்டும். 1953இல் பெரியாரின் கழகத்தார் தெருக்களில் பிள்ளையார் உருவங்களை உடைத்தனர். ஒரே கட்சியின் இரு கிளைகள்! ஒன்று திருவுருவத்தை ஊர்வலமாகக் கொண்டு சென்றது. மற்றொன்று உடைக்க எடுத்துச் சென்றது. உடைத்தவரோடு தெருவில் மல்லுக்கு நிற்றலினும், ஒரு கோயிலைச் செப்பனிட்டுத் திறத்தலே தக்க விடை என இராசன் கொண்டார் போலும்.

அடுத்து வந்தது மதுரை. அருள்மிகு மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயில் பற்றி இம்மலர் படிப்போர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. விண்ணளாவும் வெளிக்கோபுரங்கள் நான்கு, உட்கோபுரங்கள் பல, அவற்றில் ஆயிரக்கணக்கான சுதை உருவங்கள். சுண்ணச் சுதை மழையிலும் வெயிலிலும் பிளக்கும். பிளவில் ஆலும் அரசும் வேரூன்றும். வேர் பருத்தால் செங்கல் பெயரும். ஓர் உருவத்தின் கை உடைந்திருந்தால் எந்தப் படைக்கலத்தை ஏந்தியிருந்தது என்று தபதி நூல் பார்த்துச் செய்யவேண்டும். சாரங் கட்டுவதற்கே சிறு காடளவு சவுக்கு மரம் வேண்டும். இத்திருப்பணிக் குழுவிற்குத் தலைமை தாங்க அழைக்கப்பெற்றவர் இராசன். அப்பொழுது ஆட்சியில் இருந்தது காங்கிரசு. 1937இல் அவர்தம் கட்சியை வீழ்த்திய கட்சி. கோயில் வேலைக்கு அவரே தக்கவர் என்பதில் அக்கட்சி மாற்றம் குறுக்கே வரவில்லை. அது இரு திறத்தார்க்கும் பெருமை.

அப்போது அவர் அகவை எழுபதை எட்டிக்கொண்டிருந்தது. அந்த அகவையில் செல்வர் வீட்டு வாசலில் நின்று கோயிலுக்குப் பொருள் கேட்டல் எளிதன்று. அதிலும் முதலமைச்சராய் இருந்தவர், தம்மிடம் உதவி நாடி வந்தவர்களிடமே கைநீட்டவேண்டும். திருப்பணிக்கு நன்கொடை திரட்டியவர் எவரும் இதன் சுமையை அறிவர். வாக்களித்த தொகை ஒன்று; வந்து சேர்ந்த தொகை மற்றொன்று. தம் பெயர் கல்லிற் பொறிக்கப்பட்ட பின்னரே தருவேன் என்பவரும், தந்தபின் பொறிக்கவேண்டா என்பவரும் எவ்வூரிலும் உண்டு. இவ்விரு சாராரையும் ஒரே முகமலர்ச்சியோடு வணங்கி ஏற்றல் குழுத்தலைவர் கடமை. சட்டம் படித்தவர்க்குக் கணக்கில் கண்டிப்பு இயல்பு. அரசியலில் பழகியவர்க்கு மனிதர் மனம் அறிதல் இயல்பு. அவர் முன்பு கற்றதெல்லாம் இந்த வேலைக்கான பயிற்சியோ என்று எண்ணத் தோன்றும்.

1963ஆம் ஆண்டு சூன் 28ஆம் நாள் திருக்குடமுழுக்கு நடைபெற்றது. பழுதுநீங்கிய கோபுரங்கள் பன்னிறம் பெற்றுப் பொலிந்தன. அந்நிறப் பொலிவு கண்ணைப் பறிக்கின்றது என்று குறை கூறிய கலை அறிஞரும் உண்டு. நிறமே சுதைக்கு உயிர் என்றாரும் உண்டு. அந்நாளிற் புனிதநீர் தெளிக்கப்பெற்ற கூட்டத்தில் எல்லாச் சாதியினரும் நின்றனர். 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு அக்கோயிலுள் நுழைந்தபோது அங்கே நிருவாக அதிகாரியாய் இருந்து துணை நின்ற ஆர். எஸ். நாயுடு நீதிக்கட்சியைச் சார்ந்தவர். காங்கிரசுக்காரர் ஒருவரும் நீதிக்கட்சிக்காரர் ஒருவரும் ஒன்றுபட்டுத் திறந்த வாயில் அது. பனகல் அரசரின் சட்டம் கணக்கைத் திறந்தது. 1939 வாயிலைத் திறந்தது. 1963 விமானத்தைப் புதுக்கிற்று. புளியந்தோப்பில் சாய்ந்த தராசு மதுரைக் கோயில் வாயிலில் சற்றே நேர்பட்டது என்று கொள்ளலாம்.

1967இல் திராவிட முன்னேற்றக் கழகம் ஆட்சிக்கு வந்தது. சேலத்தில் எந்தத் தீர்மானத்தால் பழைய கட்சி மறைந்ததோ அத்தீர்மானத்திற்குப் பெயரான அண்ணாதுரை முதலமைச்சரானார். மறுயாண்டு நீதிக்கட்சியின் பொன்விழாவை இராசன் கொண்டாடினார். பொன்விழா மலர் ஒன்றும் வெளியிடப்பட்டது. இல்லாத கட்சிக்கு மலர் வெளியிடுவது எதற்கு என்று நகைத்தோரும் இருக்கலாம். பழைய தலைவர்களின் வரலாறுகளும் படங்களும் அம்மலரிற் சேர்ந்திராவிடில் இன்று அவற்றுட் பல கிடைத்தற்கு அரியனவாய் இருந்திருக்கும். வண்ணாரப்பேட்டைத் தியாகராயர் 1925இல் மறைந்தவர். நாற்பத்துமூன்று ஆண்டுகட்குப் பின்னும் அவருக்கு விளக்கேற்றிய கை கம்பத்துத் தியாகராசருடையது.

1974 செப்டம்பர்த் திங்கள் 25ஆம் நாள், எண்பத்திரண்டாம் அகவையில், தமிழவேள் சிவபதம் எய்தினார். அவர்தம் மைந்தர் பி. டி. ஆர். பழனிவேல்ராசன் 1996 முதல் 2001 வரை தமிழகச் சட்டப்பேரவைத் தலைவராய் இருந்தார். 2006 மே மாதம் இந்து அறநிலையத் துறை அமைச்சராய்ப் பதவியேற்று, அம்மாதமே மறைந்தார். மதுரையில் தமிழவேள் பெயர் தாங்கிய சாலை உள்ளது.